வெள்ளிக்கிழமைப் பால்

மூதூர் லாஞ்சி வந்து கட்டும் இறங்குதுறைக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு தேத்தண்ணிக்கடை இருந்தது. ஓலைக்கூரை, இரண்டு மேசை, நாலு வாங்கு. முன்னுக்கு என் புருசன் தேத்தண்ணி ஆற்றுவார். பின்னுக்குக் குசினியில் நான் அப்பம் சுடுவேன். அவர் கதைப்பார். நான் கதைக்கமாட்டேன். கடை அப்படித்தான் ஓடியது.

துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவர்கள் விடியவே வருவார்கள். லாஞ்சியில் வருகிற மூதூர் ஆட்கள் பிறகு வருவார்கள். கந்தோருக்கு எழுத்து வேலைக்குப் போகிறவர்கள் சைக்கிளைச் சாத்திவிட்டு நின்றபடியே குடிப்பார்கள். எல்லோருக்கும் பால்தேத்தண்ணிதான். நிறம் சரியில்லை என்றால் கிளாசைத் திருப்பி வைப்பார்கள்.

பால் பாலையூற்றிலிருந்து வரும். கொண்டுவருகிறவரை நாங்கள் அண்ணை என்போம். சைக்கிள் கரியரில் ஒரு பலகைப் பெட்டி இருக்கும். பெட்டிக்குள் போத்தல்கள். போத்தல் வாய்க்கு வாழைச்சருகு அடைத்திருக்கும். அவரிடம் சில மாடுகள் நின்றன. நன்றாகக் கறந்தது ஒரு சிவலைப் பசு. எங்கள் கடைப் பாலில் பெரும்பங்கு அதனுடையது.

வெள்ளிக்கிழமை எங்கள் ஆட்கள் மச்சம் தொடமாட்டார்கள். மீன் இல்லை, முட்டை இல்லை, இறைச்சி இல்லை. கடையில் மீன்குழம்புச் சட்டி கழுவிக் கவிழ்த்துக் கிடக்கும். மீன் இல்லாத சோற்றுக்குத் தயிர் வேண்டும், மோர் வேண்டும். கோயிலுக்குப் போய் வருகிறவர்கள் ஒரு கிளாஸ் பால் கேட்பார்கள். வீடுகளிலும் அப்படித்தான். அதனால் வெள்ளிக்கிழமை அண்ணையின் பெட்டி நிறைந்து வரும். மற்ற நாட்களில் அதில் இடம் மிஞ்சும்.

அந்தக் கூடுதல் பால் எங்கிருந்து வருகிறது என்று நான் யோசித்ததில்லை. வெள்ளிக்கிழமை பார்த்து மாடு கூடச் சுரக்காது. இதை அறியப் படிப்பு வேண்டாம்.

ஒருநாள் அண்ணை வரவில்லை. காலில் ஆணி ஏறிவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொன்னார். பாலை நாங்களே வந்து எடுக்க வேண்டுமாம். புருசன் அடுப்பை விட்டு அசைய ஏலாது. நான் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

கொட்டிலில் அண்ணையின் மனைவி கறந்துகொண்டிருந்தார். அவரை நான் அக்கா என்பேன்.

"அங்கையே நில்லு தங்கச்சி. புது ஆளைக் கண்டா அவள் பால் விடாள்."

நான் வாசலில் நின்றேன். சிவலைக்கு முன்னால் ஒரு கன்று நின்றது. காது அசையவில்லை. வால் அசையவில்லை. குனிந்து பார்த்தேன். காலுக்குப் பதிலாக நாலு தடி.

"இது என்ன அக்கா?"

"தோல்கன்று. செத்த கன்றின்ரை தோல். உப்புப் போட்டுக் காயவிட்டு, வைக்கோல் அடைஞ்சு தைச்சது. இது முன்னுக்கு நிக்காட்டி அவள் மடி இளக்காள்."

அக்கா சிரட்டையில் இருந்த உப்புத்தண்ணீரை எட்டி அதன் முதுகில் தெளித்தார். பசு நக்கத் தொடங்கியது. காதிலிருந்து கழுத்துக்கு, கழுத்திலிருந்து முதுகுக்கு, பிறகு வாலடிக்கு. ஈன்ற உடனே கன்றை நக்குகிற ஒழுங்கு அது. வயிற்றுப் பக்கம் தையல் விட்டிருந்தது. ஒரு வைக்கோல் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. பசு அதை இழுத்து மென்றது. மென்றபடியே திரும்பவும் நக்கியது. பின்னுக்கு வாளியில் பால் விழும் சத்தம் கேட்டது.

"ஏன் செத்தது?"

"நாம்பன்தானே. பசுக்கன்றெண்டா பாத்துப் பாத்து வளப்பம். ஆண் கன்றுக்கு ஆர் பாக்கிறது? மற்ற நாளிலை ஒரு காம்பு விடுவம். வெள்ளிக்கிழமையிலை அதுவும் இல்லை. எல்லாரும் விரதம் எண்டு பால் கேக்கினம். நாங்கள் என்ன செய்யிறது? ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் படுத்தது. எழும்பேல்லை."

அக்கா இதைக் கவலையோடும் சொல்லவில்லை, கோபத்தோடும் சொல்லவில்லை. விறகு நனைந்துவிட்டது என்று சொல்கிற மாதிரிச் சொன்னார். கறந்து முடிந்ததும் தோல்கன்றைத் தூக்கிக் கூரைத் தடியில் கொழுவினார். பசு கழுத்தை நீட்டி மேலே பார்த்துக்கொண்டு நின்றது.

பஸ்ஸில் போத்தல்களை மடியில் வைத்திருந்தேன். பாலின் சூடு சீலைக்குள்ளால் தெரிந்தது.

கடையில் புருசன் ஆற்றி ஒரு கிளாஸ் நீட்டினார்.

"எனக்கு வெறுந்தேத்தண்ணி" என்றேன்.

"வயிறு சரியில்லையோ?"

"வயிறு சரி."

அவர் பிறகு கேட்கவில்லை. நான் பிறகு பால் குடிக்கவில்லை. வேறொன்றும் நடக்கவில்லை. கடைக்குப் பால் வந்தது, போனது. பசு பால் தருகிறது என்று எல்லோரும் சொல்வார்கள். தருவதை நான் காணவில்லை. எடுப்பதைத்தான் கண்டேன்.

அடுத்த மாரி முடிய சிவலை திரும்பவும் ஈன்றது. பெட்டியை இறக்கும்போதே அண்ணை சொன்னார்.

"திரும்பவும் நாம்பன், தங்கச்சி. என்ரை தலைவிதி."

"கன்று எப்பிடி?"

"நல்ல கன்று. துள்ளித் திரியுது. வச்சிருந்து என்ன செய்ய? இறைச்சிக்காரர் வந்து பாத்திட்டுப் போட்டார். கொஞ்சம் சதை பிடிக்கட்டாம்."

"பேந்து பசு எப்பிடிக் கறக்கும்?"

"தோல்கன்று கிடக்குத்தானே. பழசே போதும்."

நான் அப்பச்சட்டியை இறக்கி வைத்தேன்.

"அண்ணை, கன்றைக் குடுக்காதேங்கோ."

"குடுக்காமல் வளக்கிறதெண்டா அதுக்குப் பால் விடவேணும். அதுக்கு விட்டா உங்களுக்கு என்னத்தைக் கொண்டாறது? அதுவும் வெள்ளிக்கிழமை?"

"வெள்ளிக்கிழமை எங்களுக்கு வேண்டாம்."

ஆற்றிக்கொண்டிருந்த என் புருசனின் கை நடுவழியில் நின்றது.

"இஞ்சேர், உமக்கென்ன விசரோ? வெள்ளிக்கிழமையிலை பால் இல்லையெண்டா கடைக்கு ஆர் வருவான்?"

"வெள்ளிக்கிழமை மச்சம் இல்லைத்தானே?"

"பால் மச்சமோ?"

"ஒருக்காப் போய் அந்தக் கொட்டிலிலை நிண்டு பாத்திட்டு வந்து சொல்லுங்கோ."

அண்ணை சிரித்தார். "வாருமன் தம்பி, வந்து பாருமன். மாடு ஒண்டும் கடியாது."

அடுத்த நாள் புருசன் போனார். திரும்பி வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் கொழுவினார். ஆற்றத் தொடங்கினார். ஒரு கதையும் இல்லை. கதைக்கிற மனுசன் கதைக்காவிட்டால் கடையில் எல்லோருக்கும் தெரியும். "என்ன முதலாளி, வாயிலை கொழுக்கட்டையோ?" என்று ஒருவர் கேட்டார்.

மத்தியானம் குசினிக்கு வந்து சொன்னார்.

"கன்றை முதல் விடுகினம். அது இரண்டு இழுவை இழுக்கப் பால் சுரக்குது. உடனை கயித்திலை பிடிச்சு இழுத்துத் தூணிலை கட்டுகினம். வாயிலை நுரையோடை நிண்டு பாக்குது. அதின்ரை தலைக்கு மேலை கூரை வளையிலை அந்தத் தோல்கன்று தொங்குது."

"ஓம்."

"வெள்ளிக்கிழமை மட்டும் விட்டுப் பாப்பம்" என்றார்.

முதல் வெள்ளிக்கிழமை நான் ஒரு பிழை விட்டேன். எங்களுக்கு எல்லாவற்றுக்கும் தேங்காய்ப்பால்தான். சொதிக்கு, புக்கைக்கு, அப்பத்துக்கு. அப்படியானால் தேத்தண்ணிக்கும் சரிவரும் என்று நினைத்தேன். முதற்பாலைப் பிழிந்து, மாட்டுப்பாலைப் போலவே பொங்கக் காய்ச்சிக் கொடுத்தேன். தேங்காய்ப்பால் பொங்கினால் திரியும். சொதி வைக்கும்போது இது எனக்குத் தெரியும். தேத்தண்ணி வைக்கும்போது மறந்துபோனேன். கிளாசுக்கு மேலே எண்ணெய் வட்டம் வட்டமாக மிதந்தது.

மூட்டை இறக்குகிறவர்கள் ஆளையாள் பார்த்தார்கள்.

"அக்கா, இது குடிக்கவோ, தலைக்கு வைக்கவோ?"

"சொதிக்குச் சீனி போட்டவ, கருவேப்பிலை போட மறந்துபோனா."

"இரண்டு இடியப்பம் தாங்கோ அக்கா. பிசைஞ்சு சாப்பிட்டா விசயம் முடிஞ்சுது."

என் புருசனும் சேர்ந்து சிரித்தார். குசினிக்குள் நானும் சிரித்தேன். பிறகு அந்தக் கிளாசுகளை வாங்கி ஊற்றிவிட்டு, இஞ்சி தட்டிப்போட்ட வெறுந்தேத்தண்ணி கொடுத்தேன். கடிக்க ஒரு துண்டு பனங்கட்டி. தயிருக்குப் பதிலாகத் தேங்காய்ப்பாலில் தேசிக்காய் விட்டுக் கத்தரிக்காய்ப் பச்சடி. அப்பத்துக்கு நடுவில் பனங்கட்டியும் தேங்காய்க் கட்டிப்பாலும் விட்டுப் பாலப்பம். பாலப்பம் முதலில் முடிந்தது.

மத்தியானம் ஜும்ஆ முடிந்து மூதூர் லாஞ்சிக்காரர் வந்து குந்தினார். எங்களுக்குப் பழைய வாடிக்கை.

"தங்கச்சி, உங்கட ஆக்களுக்குத்தான் வெள்ளிக்கிழமை விரதம். எங்களுக்கு என்ன குத்தம்? பால ஊத்துங்க."

"பால் இல்லை நானா" என்றேன்.

மிச்சக் கதையை என் புருசன் சொன்னார். கயிறு, நுரை, வளையில் தொங்கும் தோல் எல்லாவற்றையும் கையால் காட்டிக் காட்டிச் சொன்னார். அன்றைக்குத்தான் அவர் கதைக்கிறதன் பெறுமதி எனக்குத் தெரிந்தது. நான் சொல்லியிருந்தால் ஒரு வரியில் முடிந்திருக்கும்.

லாஞ்சிக்காரர் நான் கொடுத்த இஞ்சித் தேத்தண்ணிக் கிளாசைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அவர் வீட்டிலும் எருமைகள் நின்றன. கடைசியில் ஒரு வாய் குடித்தார்.

"இஞ்சி காணாது" என்றார்.

அடுத்த வெள்ளி திரும்பவும் வந்தார். நான் இஞ்சியைக் கூடப் போட்டேன்.

எல்லோரும் அப்படி வரவில்லை. கந்தோர் ஆட்கள் கொஞ்சப் பேர் வீதிக்கரைக் கடைக்குப் போய்விட்டார்கள். அங்கே பால் பொங்கும் மணம் எங்கள் வாங்கு வரைக்கும் வரும். எங்கள் கடைக்குச் சன்னியாசி கடை என்று பெயர் வைத்தார்கள். "சன்னியாசியார், இண்டைக்கு என்ன, காத்தோ தண்ணியோ?" என்று சைக்கிளில் போகும்போதே கத்துவார்கள். என் புருசன், "இரண்டும் இருக்கு, இறங்கி வாங்கோ" என்பார்.

போனவர்களில் ஒரு கிளாக்கர் ஐயா. பின்னேரங்களில் கோட்டையடியில் திரியும் மான்களுக்குப் பாணும் வாழைப்பழத்தோலும் கொடுப்பார். ஒருநாள் அவரை அங்கே கண்டேன்.

"ஐயா, இந்த மான் உங்களுக்கு என்ன தருகுது?"

"ஒண்டும் தராது. ஏன் பிள்ளை?"

"சும்மா கேட்டனான். மாட்டுக்கன்று ஒண்டும் தராட்டி இறைச்சிக்காரரைக் கூப்பிடுகினம்."

அவர் கடைசிப் பாண் துண்டை மானுக்கு நீட்டினார்.

"மானைக் கறக்க ஏலுமெண்டா அதையும் கறந்திருப்பம், பிள்ளை" என்று சொல்லிச் சிரித்தார். அதற்குப் பிறகும் மற்ற நாட்களில் அவர் வீதிக்கரைக் கடைதான். வெள்ளிக்கிழமை மட்டும் எங்களிடம் வரத் தொடங்கினார்.

அண்ணையின் பிழைப்பை நாங்கள் யோசிக்காமல் இருக்க ஏலாது. பால் வேண்டாம் என்று சொல்வது ஒரு ஆளின் அடுப்பில் தண்ணீர் ஊற்றுவது. எங்களுக்கு இப்போது தேங்காய் கூடத் தேவைப்பட்டது. நிலாவெளியில் அவருக்குச் சொந்தக்காரர் இருந்தார்கள். அங்கிருந்து தேங்காய் கொண்டுவரச் சொன்னோம். அதே பெட்டியில் தேங்காய் வந்தது. "போத்தல் உடையும், இது உடையாது" என்று அவர் சொன்னார். மற்றக் கடைகளுக்கும் கொடுக்கத் தொடங்கினார். பிறகு செவ்வாய்க்கிழமையும் பாலை விட்டோம். செவ்வாயும் எங்கள் ஆட்கள் பலருக்கு மச்சம் இல்லாத நாள்தான். அப்படி ஒவ்வொரு நாளாக விட்டு, கடையில் பால்சட்டியே இல்லாமல் போனது.

கடைசியாக விட்டவர் என் புருசன். ஒருநாள் நெருப்புப்பெட்டி வாங்கப் போகிறேன் என்று போய்த் திரும்பி வந்தார். மீசையில் பாலாடை ஒட்டியிருந்தது.

"நெருப்புப்பெட்டி எங்கை?"

"அங்கை முடிஞ்சுபோச்சு."

துடைக்கத் துணியை நீட்டினேன். அதற்குப் பிறகு நெருப்புப்பெட்டி முடிந்தால் நான்தான் போனேன்.

இதற்கிடையில் கன்றின் கதை முடியவில்லை. நான் பயந்தது வேறு வழியால் வந்தது. வெள்ளியும் செவ்வாயும் வயிறு நிறையப் பால் குடித்த கன்று கொழுத்துப்போனது. ஒருநாள் அண்ணை தேங்காயை இறக்கிவிட்டுப் போகாமல் நின்றார்.

"தங்கச்சி, இறைச்சிக்காரர் திரும்பவும் வந்தவர். உப்பிடி ஒரு நாம்பனைத் தான் காணேல்லையாம். முந்திச் சொன்னதிலும் கூடத் தாறாராம்."

எங்கள் தேத்தண்ணியில் விடாத பால்தான் அதன் முதுகில் சதையாக ஏறியிருந்தது. குடுக்காதேங்கோ என்று திரும்பவும் சொல்ல ஏலாது. மாடு அவருடையது.

"எப்ப வருவார்?" என்று புருசன் கேட்டார்.

"நாளைக்கு விடிய."

அடுத்த நாள் அப்பம் இரண்டு கருகிப்போயிற்று. லாஞ்சி வந்தது, போனது. அண்ணை வழமையான நேரத்துக்கு வரவில்லை. வெயில் ஏறிய பிறகு சைக்கிள் மணி கேட்டது. நான் குசினியை விட்டு வெளியே வந்தேன். அப்படி வருவது என் வழக்கம் இல்லை.

அண்ணையின் முகம் ஒரு மாதிரி இருந்தது. வெட்கப்படுகிற ஆளைப்போல.

"குடுத்திட்டியளோ?" என்றேன்.

"எங்கை மனுசி விட்டவள்?" என்றார். "இறைச்சிக்காரர் கயித்தைப் பிடிக்க இவள் வந்து குறுக்கை நிண்டிட்டாள். பசு கறக்காமல் விட்டா என்ன செய்வீர் எண்டு கேட்டாள். தோல்கன்றை இறக்குவம் எண்டனான். அதைத் தான் முந்தநாளே அடுப்பிலை வச்சு எரிச்சுப்போட்டாளாம். இவனைக் குடுத்தா சிவலைக்கு முன்னாலை நீர்தான் போய் நாலு காலிலை நிக்கவேணும் எண்டு சொல்லுறாள், அந்தாளுக்கு முன்னாலை!"

என் புருசன் வாங்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மூட்டை இறக்குகிறவர்கள் சிரித்தார்கள். "அண்ணைக்கு உப்புத்தண்ணி தெளிச்சா சரி" என்றார் ஒருவர். "நக்கினா மீசை மிஞ்சாது" என்றார் மற்றவர். கடைசியில் அண்ணையும் சிரித்தார்.

"இறைச்சிக்காரர்?" என்றேன்.

"அவரும் சிரிச்சிட்டுத்தான் போனவர். தேத்தண்ணி தா தங்கச்சி."

இஞ்சி தட்டிக் கொடுத்தேன். அவர் எங்கள் கடையில் வெறுந்தேத்தண்ணி குடித்தது அன்றைக்குத்தான் முதல்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பாலையூற்றுக்குப் போனேன். கொட்டில் வளையில் ஒன்றும் தொங்கவில்லை. கன்று தாயில் பாதி உயரம் வந்துவிட்டது. முன்னங்காலை மடக்கிக் குனிந்து, மடியை முட்டி முட்டிக் குடித்தது. ஒருவரும் கயிற்றை இழுக்கவில்லை. சிவலை அதன் வாலடியை நக்கியது. அக்கா வாளியைக் கவிழ்த்து அதன்மேல் குந்தியிருந்தார். அவருக்குச் செய்ய வேலை இருக்கவில்லை. நானும் பக்கத்தில் குந்தினேன்.

பால் போன வழியில் முட்டையப்பமும் போனது. மீனை விட எனக்கு நாட்கள் சென்றன. உப்புவெளிக் கரையில் வலை இழுக்கிறதைப் பார்த்து வளர்ந்தவள் நான். மீன் இல்லாத சட்டி எனக்குச் சட்டி மாதிரித் தெரியவில்லை. விட்ட பிறகு கை தானாகவே பழகியது. பிலாக்காயும் வாழைப்பூவும் முருங்கைக்காயும் இந்த மண்ணில் விளைகின்றன. தேங்காய் இருக்கிறது. பட்டினி கிடக்கவில்லை. கடையும் மூடவில்லை. கொஞ்சம் சின்னதாக ஓடியது, அவ்வளவுதான்.

அந்த நாம்பன் இப்போது கிழடு. நிலாவெளி ரோட்டில் நடுவில் படுத்துக் கிடப்பான். பஸ் வந்து ஹோர்ன் அடிக்கும். எழும்பமாட்டான். கொண்டக்டர் இறங்கி வந்து, "எழும்புங்கோ ஐயா, சனத்துக்கு நேரம் போகுது" என்று கும்பிடுவார். பஸ்ஸில் இருக்கிறவர்கள் திட்டுவார்கள், சிரிப்பார்கள். பிறகு அவன் தன் பாட்டுக்கு எழும்பி ஓரத்துக்குப் போவான். ஒருவருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லாத மாடு. உயிரோடு இருக்கிறது. அதற்கு அது போதும்.

இதை வாசிக்கிறவர்களிடம் நான் கேட்பது பெரிய விசயம் இல்லை. உங்கள் வீட்டிலும் மச்சம் இல்லாத ஒரு நாள் இருக்கும். அந்த நாளில் பாலையும் தயிரையும் விட்டுப் பாருங்கள். அந்த நாளைக்குக் கன்று குடிக்கட்டும். மற்ற நாட்களைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம். ஏலாது என்று நினைத்தால், பால் வருகிற கொட்டிலுக்கு ஒருமுறை போய் வாசலில் நின்று பாருங்கள். கன்று எங்கே கட்டியிருக்கிறது என்று கேளுங்கள். நாம்பன் கன்றுகள் எங்கே என்றும் கேளுங்கள்.

கேட்டுவிட்டு வாருங்கள். இஞ்சி தட்டி வைக்கிறேன்.